மருந்தா, மிட்டாயா?

இளம் அறிவியல் (வேதியியல்), மூன்றாம் ஆண்டு

மனித குலத்தின் மாபெரும் வெற்றிகள் எவை என்று கேட்டால், நிலவில் கால் பதித்ததைச் சொல்வோம்; அணுவைப் பிளந்ததைச் சொல்வோம். நம் பாட்டனார் காலத்தில் குடும்பம் குடும்பமாய் மக்களைக் கொண்டுபோன டைபாய்டையும் நிமோனியாவையும் விரல் நுனியளவு மாத்திரை அடக்கிவிட்டதே, அந்த வெற்றியை நினைப்பவர் சிலரே. எளிதில் கிடைத்துவிட்ட பொருளின் அருமை நமக்குத் தெரிவதில்லை. அருமை தெரியாத பொருளை நாம் பேணுவதும் இல்லை.

பேருந்து நிலையத்தருகே உள்ள மருந்துக் கடை ஏதேனும் ஒன்றுக்குச் சென்று, "காய்ச்சலுக்கு ஒரு செட் கொடுங்க" என்று கேட்டுப் பாருங்கள். என்ன காய்ச்சல், எத்தனை நாளாய், வேறு நோய் எதுவும் உண்டா என்ற கேள்விகள் பெரும்பாலும் எழுவதில்லை. சிறு காகித உறையில் மூன்று நான்கு வண்ண மாத்திரைகள் வந்துவிடும். அவற்றுள் ஒன்று சிப்ரோஃப்ளாக்சசினாகவோ அதன் உறவு மருந்துகளுள் ஒன்றாகவோ இருப்பதும் உண்டு. குழந்தைகள் மிட்டாய் வாங்குவதுபோல் நாம் மருந்து வாங்குகிறோம்.

இக்கட்டுரையில் நான் சொல்ல விழைவது ஒன்றே. குயினோலோன் என்னும் இம்மருந்துக் குடும்பம் உயிர் காக்கும் படைக்கலம். அதனை மருத்துவர் கையிலிருந்து கடைக்காரர் கைக்கும், கடைக்காரர் கையிலிருந்து நம் சட்டைப் பைக்கும் மாற்றிக்கொண்டதால் மருந்தும் கெடுகிறது, உடலும் கெடுகிறது. இந்தப் பழக்கத்தை முதலில் கைவிட வேண்டியவர்கள் படித்த நாமே.

பிறந்த கதை

இம்மருந்துக் குடும்பம் தற்செயலாகப் பிறந்தது. மலேரியாவுக்கான குளோரோகுயின் மருந்தைத் தயாரிக்கையில் கிடைத்த பக்க விளைபொருள் ஒன்று பாக்டீரியாக்களைக் கொல்லும் ஆற்றல் பெற்றிருந்ததை அமெரிக்காவில் ஜார்ஜ் லெஷரும் அவருடன் பணியாற்றியவர்களும் கண்டனர். அதன் வழியாக 1962-ஆம் ஆண்டில் வெளிப்பட்டது நாலிடிக்சிக் அமிலம். அது சிறுநீரில் மட்டுமே போதிய அளவு சேர்ந்தது. ஆகவே சிறுநீர்ப் பாதை நோய்களைக் குணப்படுத்துவதோடு அதன் பணி நின்றுவிட்டது.

அடுத்த அடியை எடுத்து வைத்தவர்கள் ஜப்பானிய வேதியியலார். 1970-களின் பிற்பகுதியில் அவர்கள் அம்மூலக்கூறின் ஆறாவது இடத்தில் ஒரு ஃப்ளோரின் அணுவையும் ஏழாவது இடத்தில் ஒரு பைப்பரசின் வளையத்தையும் இணைத்தனர். நார்ஃப்ளாக்சசின் பிறந்தது. பழைய மருந்தைவிடப் பன்மடங்கு வீரியம்! ஜெர்மானிய வேதியியலார் அதிலிருந்த எத்தில் தொகுதியை நீக்கிவிட்டு, மூன்று கார்பன் அணுக்களாலான சிறு வளையத்தைப் பொருத்தினர். அதுவே சிப்ரோஃப்ளாக்சசின். 1987-இல் அது விற்பனைக்கு வந்தது. பின்னர் 1990-களில் லீவோஃப்ளாக்சசினும் மாக்சிஃப்ளாக்சசினும் வந்து சேர்ந்தன. "கரிம வேதியியலால் யாருக்கு என்ன பயன்?" என்று வகுப்பில் அலுத்துக்கொள்ளும் நண்பர்கள் இந்த ஓர் அணுவின் கதையை எண்ணிப் பார்க்க வேண்டும்.

பெயரின் இறுதியில் 'ஃப்ளாக்சசின்' என்று முடிந்தால் அது இக்குடும்பத்தைச் சேர்ந்தது என்று அறியலாம். கடையில் விற்கும் பெயர் எதுவாயினும், அட்டையின் பின்புறம் இம்மூலப் பெயர் சிறிய எழுத்திலேனும் அச்சிடப்பட்டிருக்கும். படித்தவர்கள் முதலில் பழக வேண்டியது அதைப் படிப்பதற்குத்தான்.

கிருமியை வீழ்த்தும் வழி

நம் குடலில் வாழும் ஈ.கோலை என்ற பாக்டீரியாவின் நீளம் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ ஐந்நூற்றில் ஒரு பங்கு. அதனுள் அடங்கிக் கிடக்கும் டி.என்.ஏ. இழையை நீட்டினால் ஒரு மில்லிமீட்டருக்கும் மேல் வரும். தன் உடலைப்போலப் பல நூறு மடங்கு நீளமுள்ள இழையை அது முறுக்கிச் சுருட்டி வைத்திருக்கிறது. இனப்பெருக்கத்தின்போது அம்முறுக்கைப் பிரித்தாக வேண்டும். சிக்குண்ட நூலைப் பிரிப்பவர் ஓரிடத்தில் நறுக்கி, சிக்கலை விடுவித்து, மீண்டும் முடிந்துவிடுவதில்லையா? அதே வேலையைச் செய்யும் நொதி ஒன்று பாக்டீரியாவில் உண்டு. டி.என்.ஏ. கைரேஸ் என்னும் அந்நொதியை 1976-இல் அறிவியலார் கண்டறிந்தனர்.

குயினோலோன் மருந்து சென்று பற்றிக்கொள்வது இந்த நொதியையே. நறுக்கியபின் முடிச்சுப் போட முடியாதபடி அது தடுத்துவிடுகிறது. இழை துண்டு துண்டாகிப் பாக்டீரியா மடிகிறது. மனித உயிரணுவில் உள்ள இதே வேலைக்கான நொதி அமைப்பில் வேறுபட்டது. ஆகவே நோயாளிக்குக் கொடுக்கும் அளவில் நம் அணுக்கள் தப்புகின்றன.

இதிலிருந்து ஓர் உண்மை தானே விளங்கும். சளி, ஃப்ளூ, டெங்கு ஆகியவற்றை உண்டாக்குபவை வைரஸ்கள். அவற்றுக்குக் கைரேஸ் நொதியே கிடையாது. இல்லாத பூட்டுக்குச் சாவி எதற்கு? டெங்குக் காய்ச்சல்காரர் சிப்ரோஃப்ளாக்சசின் விழுங்குவதால் டெங்கு ஒரு நாழிகைகூட முன்னதாக இறங்காது. "நான் சாப்பிட்டேன், மூன்றே நாளில் சளி போய்விட்டது" என்பார் நண்பர். மருந்து உண்ணாமல் இருந்திருந்தாலும் போயிருக்கும்!

படைக்கலத்தின் பெருமை

இம்மருந்தைக் குறை கூறுவது என் நோக்கமன்று. சிறுநீரகம்வரை ஏறிவிட்ட தொற்று, ஆண்களுக்கு வரும் பிராஸ்டேட் சுரப்பி வீக்கம், சூடோமோனாஸ் என்ற முரட்டுக் கிருமி உண்டாக்கும் புண்கள், சிலவகை எலும்புத் தொற்றுகள் ஆகியவற்றில் சிப்ரோஃப்ளாக்சசின் அரிய துணை. ஊசியாக மட்டுமே கொடுக்கக்கூடிய மருந்துகளின் வேலையை வாய்வழி மாத்திரையாகவே செய்து, நோயாளியை மருத்துவமனைப் படுக்கையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும் சிறப்பும் இதற்கு உண்டு. உலக சுகாதார நிறுவனம் தன் இன்றியமையா மருந்துகள் பட்டியலில் இதற்கு இடம் தந்துள்ளது. அதே நிறுவனம் 2017-இல் ஆன்டிபயாடிக் மருந்துகளை மூவகையாகப் பிரித்தபோது இதனைக் கண்காணிப்புக்குரிய இரண்டாம் வகையில் வைத்தது. எளிதில் கையாளத்தக்க முதல் வகையில் வைக்கவில்லை என்பது கருதத்தக்கது.

2001-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஆந்த்ராக்ஸ் கிருமித் தூளைக் கடிதங்களில் வைத்து அனுப்பிய கொடுமை நடந்தது. 22 பேர் நோயுற்றனர், ஐவர் இறந்தனர். அன்று அந்நாடு நம்பி நின்ற மருந்துகளுள் முதன்மையானது சிப்ரோஃப்ளாக்சசினே. கிருமிக்கு ஆளானவர்களை அது காத்தது. அதே வேளையில், தொடர்பே இல்லாத பலர் அச்சத்தால் கடைகளில் அதை வாங்கிக் குவித்தனர். ஒரு மருந்தின் நன்மையும் மனிதனின் அவசரப் புத்தியும் ஒருங்கே வெளிப்பட்ட நிகழ்ச்சி அது.

நம் நாட்டுக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு காசநோய். 1956-இல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் மருத்துவ ஆய்வு மையம், காசநோயாளியை விடுதியில் அடைக்காமல் வீட்டில் வைத்தே குணப்படுத்தலாம் என்று உலகுக்கு மெய்ப்பித்துக் காட்டியது. வழக்கமான மருந்துகளுக்கு அடங்காத காசநோய் இன்று பெருஞ்சிக்கலாக எழுந்திருக்கிறது. அதனை எதிர்க்கும் கூட்டு மருந்துகளில் லீவோஃப்ளாக்சசினும் மாக்சிஃப்ளாக்சசினும் தூண்கள் போன்றவை. 2022-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த ஆறு மாதச் சிகிச்சையில் மாக்சிஃப்ளாக்சசின் இடம்பெற்றுள்ளது.

இங்கேதான் ஆபத்தும் இருக்கிறது. மாலைக் காய்ச்சலோடும் இருமலோடும் இருப்பவர் ஒருவர் கடையில் லீவோஃப்ளாக்சசின் வாங்கி ஐந்து நாள் உண்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு இருப்பது காசநோயாக இருந்தால், இருமல் சற்றுத் தணியும். "சரியாகிவிட்டது" என்று அவரும் இருந்துவிடுவார். நோய் உள்ளே வளரும். சளிச் சோதனை தள்ளிப்போகும். வீட்டிலுள்ள குழந்தைக்கும் தொற்றும். அத்தோடு, கடைசிக் கட்டத்தில் கைகொடுக்க வேண்டிய மருந்தைக் கிருமி முன்கூட்டியே பழகிக்கொள்ளும்.

மருந்தின் மறுபக்கம்

வீரியமுள்ள மருந்து எதுவும் முற்றிலும் தீங்கற்றதாக இருக்க முடியாது. குமட்டல், வயிற்றுப்போக்கு, தலைவலி, தூக்கமின்மை ஆகியவை இம்மருந்தால் அவ்வப்போது வரும் சிறு தொல்லைகள். அரிதாக வரும் பெருந்தொல்லைகளே கவலைக்குரியவை.

குதிகாலின் பின்புறம் கயிறுபோல் இருக்கும் தசைநாண் வீங்குவதும், சிலருக்கு அறுந்தே போவதும் உண்டு. மருந்து தொடங்கிய இரண்டாம் நாளிலும் நேரலாம். நிறுத்திச் சில மாதங்கள் கழித்தும் நேரலாம். அறுபது வயதைக் கடந்தவர்களுக்கும், ஸ்டீராய்டு மாத்திரை உண்பவர்களுக்கும் இந்த ஆபத்து மிகுதி. அமெரிக்க உணவு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008-இல் இதுபற்றிக் கட்டமிட்ட கடும் எச்சரிக்கையை மருந்து உறையில் அச்சிட ஆணையிட்டது. தசைக்களைப்பு நோய் உள்ளவர்களுக்கு அது முற்றக்கூடும் என்று 2011-இலும், கைகால் நரம்புகளில் நிலையான எரிச்சலும் மரமரப்பும் வரக்கூடும் என்று 2013-இலும் எச்சரிக்கைகள் தொடர்ந்தன. சாதாரண சைனஸ் தொல்லை, மார்ச்சளி, எளிய நீர்க்கடுப்பு ஆகியவற்றுக்கு வேறு மருந்து இருக்கும்போது இதைத் தரவேண்டாம் என்று 2016-இல் அதே அமைப்பு கூறிற்று. 2018-இல் இரத்தச் சர்க்கரை திடீரெனத் தாழ்வது, மனக்குழப்பம், பெருந்தமனி கிழிவது ஆகியவையும் பட்டியலில் சேர்ந்தன. பிரிட்டனோ 2024 ஜனவரியில், வழக்கமான மற்ற ஆன்டிபயாடிக்குகள் பொருந்தாத நிலையில் மட்டுமே இவற்றைத் தரலாம் என்று வரையறுத்துவிட்டது.

இக்குடும்பத்தில் சில உறுப்பினர்கள் களத்தைவிட்டே நீக்கப்பட்டதும் உண்டு. டெமாஃப்ளாக்சசின் 1992-இன் தொடக்கத்தில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இரத்த அணுச் சிதைவும் சிறுநீரகக் கேடும் வெளிப்படவே அதே ஆண்டு ஜூன் மாதத்தில் திரும்பப் பெறப்பட்டது. இதயத் துடிப்பைக் குலைத்ததால் கிரெபாஃப்ளாக்சசின் 1999-இல் மறைந்தது. கேட்டிஃப்ளாக்சசின் இரத்தச் சர்க்கரையை ஏற்றியும் இறக்கியும் விளையாடியது. நம் நடுவண் அரசு 2011 மார்ச் மாதத்தில் அதன் மாத்திரைக்கும் ஊசிக்கும் தடை விதித்தது.

வெளிநாட்டு எச்சரிக்கை நமக்கெதற்கு என்று கேட்கலாகாது. சர்க்கரை நோய் இல்லாத தெருவே நம்மூரில் இல்லை. கிளிபென்கிளமைடு போன்ற சர்க்கரை மாத்திரையை உண்டுவரும் முதியவர் ஒருவர், கடையில் வாங்கிய சிப்ரோஃப்ளாக்சசினையும் சேர்த்து உண்டால், சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழ நேரலாம். மருத்துவர் என்றால், "பாட்டி, வேறென்ன மாத்திரை சாப்பிடறீங்க?" என்று கேட்பார். காகித உறை அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.

கூட உண்பவை

வேதியியல் படிக்கும் நமக்குக் கொடுக்கிணைப்புச் சேர்மங்களைப் பற்றித் தெரியும். நண்டு தன் கொடுக்கால் கவ்வுவதுபோல் ஒரு மூலக்கூறு உலோக அயனியைக் கவ்விக்கொள்வது அது. குயினோலோன் மூலக்கூறில் அடுத்தடுத்து அமைந்த இரு ஆக்சிஜன்கள் கால்சியம், மக்னீசியம், அலுமினியம், இரும்பு ஆகியவற்றை இவ்வாறு கவ்வும். கவ்விய மருந்து குடலில் உறிஞ்சப்படாமல் வெளியேறிவிடும். வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கும் அமில நீக்கி, இரத்தச்சோகைக்கான இரும்பு மாத்திரை, கால்சியம் மாத்திரை ஆகியவற்றுக்கு இரண்டு மணி நேரம் முன்போ, ஆறு மணி நேரம் பின்போ சிப்ரோஃப்ளாக்சசினை உண்ண வேண்டும் என்பது விதி. வெறும் பாலோடும் தயிரோடும் விழுங்குவதும் தவறு. "மாத்திரை சூடு, பாலில் போடு" என்று வீட்டில் அன்போடு சொல்வார்கள். அன்பு சரி, இம்மருந்துக்கு வேதியியல் ஒத்துக்கொள்ளாது!

ஆஸ்துமாவுக்கான தியோஃபிலின் மருந்தைக் கல்லீரல் சிதைப்பதைச் சிப்ரோஃப்ளாக்சசின் தடுக்கிறது. ஆகவே அது உடலில் தேங்கி நஞ்சாகலாம். காப்பியில் உள்ள காஃபீனுக்கும் இதே கதி. தேர்வுக்கு முந்தைய இரவில் நான்கு டம்ளர் காப்பியோடு இம்மாத்திரையையும் விழுங்கும் மாணவனுக்கு நெஞ்சு படபடத்தால் வியப்பில்லை. பழியைக் கேள்வித்தாளின்மேல் போடுவதுதான் வியப்பு. கருவுற்ற பெண்களுக்கும் பதினெட்டு வயது நிரம்பாதவர்களுக்கும் தனி எச்சரிக்கை வேண்டும். இளம் விலங்குகளில் செய்த ஆய்வில் மூட்டுக் குருத்தெலும்பு பழுதானதே அதற்குக் காரணம். ஒருமுறை கடையொன்றில், ஆறு வயதுப் பிள்ளையின் சளிக்குப் "பெரியவங்க மாத்திரையில பாதி போதுமா அண்ணே?" என்று ஒரு தாய் கேட்டதை நான் கேட்டிருக்கிறேன். "போதும்மா" என்று விடை வந்தது. மாத்திரையைப் பாதியாக்கினால் அது குழந்தை மருந்தாகிவிடுமா?

கிருமிகள் கற்கும் பாடம்

நாம் பாடம் படிக்கிறோமோ இல்லையோ, கிருமிகள் படித்துவிடுகின்றன. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பெருகவல்ல உயிர் அது. கோடிக்கணக்கான கிருமிகளுள் ஒன்றிரண்டில் கைரேஸ் நொதியின் அமைப்பு தற்செயலாகச் சற்று மாறியிருக்கும். மருந்து மற்றவற்றைக் கொன்றபின் களம் முழுவதும் அந்த ஒன்றிரண்டுக்கே சொந்தம். 1998-இல் இன்னொரு செய்தியும் வெளிவந்தது. குயினோலோனைத் தாங்கும் திறனை ஒரு பாக்டீரியா மற்றொன்றுக்குச் சிறு டி.என்.ஏ. வளையத்தின் மூலம் கைமாற்றித் தரவும் வல்லது என்பதே அது.

டைபாய்டின் வரலாற்றைப் பாருங்கள். 1948-இல் குளோராம்ஃபெனிக்கால் வந்தது, டைபாய்டு அடங்கியது. 1972-இல் நம் பக்கத்துக் கோழிக்கோட்டில் அம்மருந்துக்கு அடங்காத டைபாய்டு பரவியது. 1980-களின் இறுதியில், வழக்கிலிருந்த மூன்று மருந்துகளுக்குமே அடங்காத டைபாய்டு நாட்டின் பல பகுதிகளில் தோன்றியது. அந்த இக்கட்டில் மீட்பனாக வந்தது சிப்ரோஃப்ளாக்சசின். சில நாளில் காய்ச்சல் இறங்கியது, மக்கள் மகிழ்ந்தனர். மகிழ்ச்சி நீடித்ததா? நீர்க்கடுப்புக்கும் பேதிக்கும் சளிக்கும் அதையே அள்ளிக் கொடுத்தோம். 1990-கள் முடிவதற்குள் டைபாய்டுக் கிருமி அதையும் தாங்கப் பழகியது. இன்று இந்தியாவில் டைபாய்டுக் கிருமிகளுள் பெரும்பாலானவை சிப்ரோஃப்ளாக்சசினுக்கு முழுமையாகக் கட்டுப்படுவதில்லை. மருத்துவர்கள் செஃப்ட்ரியாக்சோன் ஊசியையும் அசித்ரோமைசினையும் நாடுகின்றனர். அண்டை நாடான பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் 2016-இல் தொடங்கிய டைபாய்டு, செஃப்ட்ரியாக்சோனையும் மீறிவிட்டது. எஞ்சி நிற்கும் மாத்திரை ஏறத்தாழ ஒன்றே. தொழில் வல்ல வேதியியலார் இருபத்தைந்து ஆண்டுகள் உழைத்துத் தந்த மருந்தை நாம் டைபாய்டுக் களத்தில் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் தோற்றுவிட்டோம்.

இந்த வரலாற்றில் ஒரு நம்பிக்கைக் கீற்றும் உண்டு. குளோராம்ஃபெனிக்காலைப் பயன்படுத்துவது குறைந்தபின், அதற்கு அடங்கும் டைபாய்டுக் கிருமிகள் நம் நாட்டில் மீண்டும் பெருகியிருக்கின்றன. ஓய்வு கொடுத்தால் பழைய வாளும் கூர்மை பெறக்கூடும் என்பதற்கு இது சான்று.

பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1945-இல் நோபல் பரிசு பெற்றபோதே இதை எச்சரித்தார். கடையில் யாரும் வாங்கலாம் என்ற காலம் வரலாம். அறியாதவர்கள் குறைந்த அளவில் உண்டு கிருமிகளைப் பழக்கிவிடக்கூடும் என்பது அவர் அச்சம். அந்தக் காலம் வந்தேவிட்டது. மருந்துகளுக்கு அடங்காத பாக்டீரியாத் தொற்றுகளால் 2019-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்ததாக ஆய்வாளர் கணக்கிட்டுள்ளனர்.

நோயாளிகள் மட்டுமே பொறுப்பு என்று சொல்வதும் நேர்மையன்று. ஹைதராபாத் அருகே பட்டான்செருவில், ஏறத்தாழ 90 மருந்துத் தொழிற்சாலைகளின் கழிவைச் சுத்திகரித்து வெளியேற்றிய நீரை ஆராய்ந்து 2007-இல் ஓர் அறிக்கை வெளியாயிற்று. அந்நீரில் ஒரு லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் இருந்தது. அம்மருந்தை உண்ட நோயாளியின் இரத்தத்தில் காணும் அளவைவிட இது மிகுதி! ஆற்றுக்கே மருந்து புகட்டினால் ஆற்றிலுள்ள கிருமிகள் எதைத்தான் கற்றுக்கொள்ளா?

சட்டம் உண்டு, செயல்?

1945-ஆம் ஆண்டின் மருந்து விதிகளில் 'எச்' அட்டவணை என்று ஒன்று உண்டு. அதில் உள்ள மருந்துகளைப் பதிவு பெற்ற மருத்துவரின் சீட்டில்லாமல் விற்கலாகாது. அதுவும் போதாதென்று 2014 மார்ச் முதல் 'எச்-1' அட்டவணை நடைமுறைக்கு வந்தது. லீவோஃப்ளாக்சசினும் மாக்சிஃப்ளாக்சசினும் அதில் அடங்கும். அவற்றை விற்கும்போது மருத்துவர் பெயர், நோயாளி பெயர், மருந்தின் அளவு ஆகியவற்றைத் தனி ஏட்டில் எழுதி மூன்றாண்டுகள் காக்க வேண்டும். மருத்துவர் சீட்டின்றி வாங்கக்கூடாத ஆன்டிபயாடிக் அட்டைகளில் சிவப்புக் கோடு இடப்பட்டிருப்பதை மக்களுக்கு உணர்த்த 2016-இல் நடுவண் அரசு ஓர் இயக்கமும் நடத்தியது. அதற்கு முன்பே, 2012-இல் சென்னையில் கூடிய மருத்துவ வல்லுநர்கள் 'சென்னைப் பிரகடனம்' என்ற பெயரில் ஒரு வழிகாட்டியை வெளியிட்டனர். அண்டை மாநிலமான கேரளத்தில் 2024-இல் சீட்டின்றி விற்கும் கடைகளை அரசு மறைமுகமாகச் சோதித்து நடவடிக்கை எடுத்தது.

ஆக, சட்டத்துக்குக் குறைவில்லை. சிவப்புக் கோடு போட்ட அட்டையிலிருந்து இரண்டு மாத்திரையைக் கத்தரித்துக் கொடுக்கும்போது, கோடு கடையிலேயே தங்கிவிடுகிறது. மாத்திரை மட்டும் வீட்டுக்கு வருகிறது!

ஏழையின் கேள்வி

"நாளெல்லாம் உழைத்துக் கூலி வாங்குபவன் மருத்துவருக்கு ஒரு தொகை, சோதனைக்கு ஒரு தொகை, மருந்துக்கு ஒரு தொகை என்று எங்கே போவான்? கடைக்காரர்தானே அவனுக்கு மருத்துவர்?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஆனால் இந்தக் கேள்விக்குச் 'செட்' மாத்திரை விடையாகாது. தேவையில்லாத மருந்துக்கு ஏழை கொடுக்கும் காசும் வீண். நாளை அவனுக்கே உண்மையான தொற்று வரும்போது மலிவான மாத்திரை பயன்படாமல் போய், விலை மிகுந்த ஊசிக்கு அலையப் போகிறவனும் அவனே. பணக்காரன் அந்த ஊசியை வாங்கிக்கொள்வான். மருந்து வீணாவதில் முதல் இழப்பு ஏழைக்குத்தான்.

ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அரசு மருத்துவமனையிலும் மருந்துகள் இலவசம். அதற்கென்றே தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-இல் அமைக்கப்பட்டது. அங்கே காத்திருக்கும் நேரம்தான் ஏழையை விரட்டுகிறது. ஆகவே மாலை நேர வெளிநோயாளர் பிரிவைப் பரவலாக்கக் கோருவதும், கடையில் சீட்டைக் கட்டாயமாக்கக் கோருவதும் ஒன்றாகச் செல்ல வேண்டும். ஒன்றை விட்டு மற்றொன்றைச் செய்தால் ஏழைக்குக் கதவு மட்டும் சாத்தப்படும். மருத்துவர்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. நோயாளி எதிர்பார்க்கிறார் என்பதற்காக ஆன்டிபயாடிக் எழுதித் தருவது, கடைக்காரர் செய்யும் அதே தவற்றைக் கையொப்பமிட்டுச் செய்வதாகும்.

திருக்குறளில் மருந்து பற்றிய அதிகாரம் தொண்ணூற்றைந்தாவது. மருத்துவத்துக்கு நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுபவர் என நான்கு பகுதிகள் உண்டு என்பது அதில் வள்ளுவர் கணக்கு. நாம் அந்நான்கில் மருத்துவரை விலக்கிவிட்டு, பேணுபவரையும் மறந்துவிட்டு, நோயாளியும் மருந்துமாக நிற்கிறோம். நான்கு கால் கட்டிலில் இரண்டு காலை எடுத்துவிட்டுப் படுத்தால் என்னாகும்?

நம் கல்லூரியில் தொடங்குவோம்

ஊரைத் திருத்துமுன் நம் விடுதியைத் திருத்தலாம். பருவத் தேர்வு நெருங்கும் நாட்களில் காய்ச்சல் என்று படுக்கும் நண்பனுக்கு, பக்கத்து அறையிலிருந்து மீந்துபோன மாத்திரை வருகிறது. ஒருவன் மூன்று, இன்னொருவன் இரண்டு என்று பங்கிட்டுக்கொள்ளும் நட்பு இது. சோற்றைப் பங்கிடலாம், ஆன்டிபயாடிக்கைப் பங்கிடலாகாது.

நண்பன் ஏன் மருத்துவமனைக்குப் போவதில்லை? சோம்பல் மட்டும் காரணமன்று. ஓ.பி. வரிசையில் நின்று திரும்பினால் அரைநாள் வருகைப் பதிவு போய்விடும். ஏற்கனவே விழுக்காடு குறைந்தவனுக்குத் தேர்வு எழுதும் உரிமையே கேள்விக்குறியாகும். ஆகவே அவன் இரண்டு மாத்திரையை விழுங்கிவிட்டு வகுப்பில் வந்து அமர்கிறான். இதனைப் பேராசிரியப் பெருமக்கள் கனிவோடு எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். அரசு மருத்துவமனையின் ஓ.பி. சீட்டைக் காட்டும் மாணவருக்கு அந்த அரைநாள் வருகையை அளித்தால், எத்தனையோ வீண் மாத்திரைகள் தாமே குறையும்.

விடுதியின் முதலுதவிப் பெட்டியில் வெப்பமானி, பாராசிட்டமால், ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஆகியவை இருக்கட்டும், ஆன்டிபயாடிக் வேண்டாம். வயிற்றுப்போக்குகளில் பெரும்பாலானவற்றுக்கு வேண்டியது இழந்த நீரும் உப்புமே. 1971-இல் வங்க அகதிகள் முகாமில் காலரா பரவியபோது, மருத்துவர் திலீப் மஹாலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கரைத்த நீரைக் கொண்டே ஆயிரக்கணக்கான உயிர்களைக் காத்தார். மலத்தில் இரத்தம் வந்தாலோ, காய்ச்சல் மூன்று நாளுக்குமேல் நீடித்தாலோ, நீர் இறங்காமல் நாக்கு வறண்டாலோ மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

நம் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் ஆண்டுதோறும் சிற்றூர்களில் முகாமிடுகிறோம். சாலை செப்பனிடுகிறோம், மரக்கன்று நடுகிறோம். அடுத்த முகாமில் ஒரு மாலைப் பொழுதை இதற்கென ஒதுக்குவோம். சிவப்புக் கோட்டை எப்படிக் காண்பது, உண்டுவரும் மற்ற மாத்திரைகளை மருத்துவரிடம் எப்படிச் சொல்வது, அவர் சொன்ன நாளளவுக்கு ஏன் உண்ண வேண்டும், மீந்ததை ஏன் சேமிக்கக்கூடாது, குதிகால் வலியோ கைகால் எரிச்சலோ தோன்றினால் உடனே மருந்தை நிறுத்தி மருத்துவரை ஏன் காண வேண்டும் என்பவற்றை எளிய தமிழில் எடுத்துச் சொல்வோம். அரைமணிப் பேச்சும் ஒரு சிறு நாடகமும் போதும்.

புதிய ஆன்டிபயாடிக் ஒன்று ஆய்வகத்திலிருந்து நோயாளிக்கு வந்து சேர ஆண்டுகள் பல ஆகும். இருக்கும் மருந்தைக் காப்பதற்கோ ஆய்வகம் வேண்டாம்; அறிவியல் பட்டமும் வேண்டாம். கடைவாசலில், "சீட்டு இல்லாமல் எனக்கு வேண்டாம், அண்ணே" என்று சொல்லும் மன உறுதி போதும். நம்மில் பாதிப்பேர் அதைச் சொல்லத் தொடங்கினாலே நம்மூர்க் கடைகளின் வழக்கம் மாறும். நம் தம்பி தங்கையருக்கு ஒருநாள் உண்மையாகவே அம்மருந்து தேவைப்படும். அன்று அது வேலை செய்ய வேண்டும். மாணவத் தோழர்களே, அதற்கு இன்றே வழி செய்வோம்!